பனியில் போட்ட அரைப்பேர்

அன்று காலை எஸ்டேட் பெரட்டில் இருந்தவர்கள்: கங்காணி ஒருவர், வருகை எழுதும் செக்ரோல் புத்தகத்தோடு நான், வங்காளதேசத்து ஆட்கள் பதினாறு பேர், இந்தோனேசியப் பெண்கள் ஐந்து பேர், நம்மவர்களில் மாணிக்கமும் அவர் மனைவி லெட்சுமியும். கங்காணியையும் என்னையும் விட்டுவிட்டு எண்ணினால் இருபத்து மூன்று. கங்காணி ஒவ்வொரு தோளாகத் தொட்டு எண்ணியதும் இருபத்து மூன்றுதான். நான் பேரைக் கூப்பிட்டு, பதில் வந்து, புத்தகத்தில் கோடு போட்டது மட்டும் இருபத்து நான்கு.

புதிதாக ஆபீசில் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். வகுப்புக்கே போகாமல், பரீட்சை மட்டும் எழுதி, கிரெடிட் சேர்த்து வாங்கிய டிகிரியை வைத்து மேல்படிப்பில் இடம் வாங்க முடியுமா என்று. முடியும் என்று ஒரே வார்த்தையில் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவள் நான். ஒரே வார்த்தையில் சொன்னது போதுமா என்று இழுத்துப் பார்க்க மாட்டேனா? அதனால் எழுதுகிறேன். ஆனால் பெரட்டில் ஓர் ஆள் கூடிப்போன அந்தக் காலையை விட்டுவிட்டு இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

இப்போது உங்களுக்கு மெஷின் வந்துவிட்டது. ஆட்கள் வருகிறார்கள், கட்டைவிரலை வைக்கிறார்கள், அது கீச்சென்று ஒரு சத்தம் போடுகிறது, வேலை முடிந்தது. எங்கள் காலத்தில் பெரட்டு என்றால் காலை ஆறரைக்கு ஆபீஸ் முன்னால் களத்தில் ஆட்கள் நிற்க வேண்டும், நான் பேர் கூப்பிட வேண்டும், அவர்கள் பதில் சொல்ல வேண்டும். மலாயில் 'ஆடா' என்பார்கள், இருக்கிறேன் என்று அர்த்தம். எந்த நாட்டு ஆளானாலும் அந்த ஒரு சொல் போதும். பனி இறங்கிய காலையில் முன்வரிசையைத் தாண்டி முகம் தெரியாது. வெள்ளைக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். குரலைக் கேட்டுத்தான் கோடு போடுவோம்.

அந்தக் கோட்டுக்கு எஸ்டேட்டில் 'பேர்' என்று பெயர். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பாதி நாளுக்கு அரைப்பேர். "இன்னிக்கு எனக்குப் பேர் விழுந்துச்சா?" என்றால் இன்றைய சம்பளம் உண்டா என்று அர்த்தம். ஆள் இருந்தால் மட்டும் பேர் விழாது. பத்து மணி நிறுவைக்குக் கொஞ்சமாவது தேயிலைக் கொழுந்து கொண்டுவர வேண்டும். கொழுந்து நிறுத்துவிட்டு நடுவில் வீட்டுக்குப் போனால் அரைப்பேர். பெரட்டுக்கு வந்து, கொழுந்தே இல்லாமல் போனால் முட்டை.

நான் பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். அப்பாவுக்கு லாரியில் அடிபட்டு, வீட்டில் ஒரு சம்பளம் குறைந்தது. அந்த இடத்தில் என்னை வைத்தார்கள். கொழுந்து வெட்டினேன், பிறகு நிறுவையில் நின்றேன், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஆபீசுக்கு எடுத்தார்கள், கணக்கெழுதுகிற சின்னக் கிராணி ஆனேன். நாற்பது வயதுக்கு மேல், பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் வயதையும் அனுபவத்தையும் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். உனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடமா, வந்து பரீட்சை எழுது, தேறினால் கிரெடிட் தருகிறோம் என்றார்கள். பரீட்சை ஈப்போவில். முதல் நாளே பஸ் பிடித்து இறங்கிவிடுவேன். பென்சில் நான்கு, அடையாள அட்டையின் நகல் இரண்டு, மண் சரிந்து பாதை அடைபட்டால் என்ன செய்வது என்று யோசித்து மாற்றுத்துணி. ஒரு தடவையும் பாதை அடைபடவில்லை. ஒரு தடவையும் நான் நிம்மதியாகப் போகவும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நிறுவைக் கொட்டகையில் உட்கார்ந்து படிப்பேன். அஞ்சலை வந்து பக்கத்தில் உட்காருவாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். கொழுந்து வெட்டுகிற நம் பெண்களில் அவள் கைக்கு ஈடு கிடையாது, வாய்க்கும் கிடையாது.

"ஏ கிராணியம்மா, என்னா லா அப்படி உத்து உத்துப் பாக்குறே?"

"பரீட்சைக்குப் படிக்கிறேன்."

"எந்தப் பள்ளிக்கூடத்துல?"

"பள்ளிக்கூடம் இல்ல. வகுப்புக்குப் போவ வேணாம். பரீட்சை எழுதுனா கிரெடிட் குடுப்பாங்க."

"கிரெடிட்டுன்னா? கடன் சாமானா?"

கொஞ்சம் யோசித்தேன். "பேர் மாதிரி. ஒரு பாடத்துக்கு மூணு பேர், நாலு பேருன்னு போடுவாங்க. மொத்தமும் சேந்தா டிகிரி."

அவள் சிரித்த சிரிப்பில் கொட்டகையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "பெரட்டுக்கு வராமலே பேர் போடுறானுங்களா? நல்ல துரை லா அவன்! எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு. நான் லைன் வூட்டுல படுத்துக்கிட்டே கொழுந்து வெட்டுறேன்."

அதற்குப் பிறகு நான் ஈப்போ போய் வரும்போதெல்லாம் "எத்தனை பேர் விழுந்துச்சு?" என்று கேட்பாள். தேறிய பாடத்தைச் சொன்னால் விரல் மடக்கி எண்ணி வைத்துக்கொள்வாள். நான் மறந்துபோனாலும் அவளுக்குக் கணக்குத் தெரியும்.

பெரட்டில் எல்லாரும் 'ஆடா' என்று சொல்லும்போது அவள் மட்டும் தமிழில், அதுவும் ஒரு வாக்கியமாகச் சொல்லுவாள்: "இருக்கேன் லா, எங்க போவப் போறேன்." தினமும். வருஷக்கணக்காக.

ஒரு நாள் அப்படிச் சொல்லிவிட்டு மலைக்குப் போனவள் முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். முகமெல்லாம் வேர்வை. அந்தக் குளிரில் யாருக்கும் வேர்க்காது. ஆபீஸ் படியில் உட்கார்ந்தாள்.

"தலை சுத்துது புள்ள. நான் லைனுக்குப் போறேன். அரைப்பேராச்சும் போடு லா."

பத்து மணி நிறுவைக்கு இன்னும் நேரம் இருந்தது. கொழுந்து இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இந்த மாதம் அரைப்பேர் அதிகமாக இருக்கிறதே என்று கேட்டிருந்தார். கேட்டதோடு சரி, திட்டக்கூட இல்லை. எனக்கு அதுவே இரண்டு இரவு தூக்கத்தைக் கெடுத்தது. எழுந்து உள்ளே போய் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், போட்டுவிடு என்றிருப்பார். பத்தடி தூரம். நான் போகவில்லை.

"பாக்கலாம் அஞ்சலை" என்றேன். பேனாவை எடுத்து அவள் பேருக்கு நேராக ஒரு வட்டம் போட்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "எழுதப் படிக்கத் தெரியாட்டியும் முட்டை எனக்குத் தெரியும் லா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. எழுந்து போனாள்.

அதன் பிறகு அவள் பெரட்டுக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்துக் கீழே ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

இனி அந்தக் காலை. அவள் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பனி என்றால் அப்படி ஒரு பனி. களத்தின் ஓரத்தில் இருக்கிற தண்ணித்தொட்டி தெரியவில்லை. கொடிக்கம்பம் இடுப்புயரத்தோடு முடிந்துபோயிருந்தது. அத்தனை வருஷமாகக் கூப்பிட்ட வரிசை எனக்கு மனப்பாடம், புத்தகத்தைப் பார்த்துக் கூப்பிடுவதில்லை. மாணிக்கம், ஆடா. லெட்சுமி, ஆடா. அடுத்து என் வாய் தன் பாட்டில் கூப்பிட்டது: அஞ்சலை.

"இருக்கேன் லா."

பின்வரிசைக்கும் பின்னால், தண்ணித்தொட்டிப் பக்கமிருந்து வந்தது. களைத்த குரல். மலை ஏறி வந்து மூச்சு வாங்குகிற மாதிரி. 'எங்க போவப் போறேன்' என்பது மட்டும் வரவில்லை.

என் கை கோடு போடப் போய் நின்றது. போட வரி இல்லை. அவள் பேரை எடுத்து மாதக் கணக்காகிவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வங்காளதேசத்து ஆட்களுக்குத் தமிழ் தெரியாது, யாரோ பதில் சொன்னார்கள் என்று நின்றார்கள். நான் தாளின் கடைசியில் காலியாக இருந்த வரியில் 'அஞ்சலை' என்று எழுதி, கோடு போட்டேன்.

"இருபத்து மூணு" என்று வந்தார் கங்காணி. "ஒங்களுக்கு எத்தனை கிராணியம்மா?"

"இருபத்து மூணு" என்றேன்.

பிற்பாடு லெட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டு, காலையில் தொட்டிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்ததே, நீ இரண்டு தரம் பதில் சொன்னாயா என்று கேட்டேன். "நான் எதுக்கு ரெண்டு தரம் சொல்றேன்? ஒரு 'ஆடா'தான் சொன்னேன். ரெண்டு சம்பளமா குடுக்கப் போறீங்க?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயில் வந்த பிறகும் அந்தத் தொட்டிப் பக்கம் அவள் போகவில்லை.

பத்து மணி நிறுவைக்கு இருபத்து மூன்று பேருடைய கொழுந்து வந்தது. இருபத்து நான்காவது வரியில் எடை இல்லை. அங்கே நான் முட்டை போட்டிருக்க வேண்டும். அரை என்று எழுதினேன். பயத்தில் கை தவறி எழுதிவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கை தவறவில்லை. தெரிந்துதான் எழுதினேன்.

அவளுடைய பழைய நம்பர் கம்ப்யூட்டரில் இன்னும் இருந்ததால் மாதக் கடைசியில் சம்பளம் கணக்காகி பேங்குக்குப் போயிற்று. மூடிய கணக்கு என்று பேங்க் திருப்பி அனுப்பிவிட்டது. எங்கள் பெரிய கிராணி அந்தச் சீட்டோடு வந்து என் மேசை முன்னால் நின்றார். அதிகம் பேசாத மனிதர். புத்தகத்தைத் திருப்பி அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தார்.

"இதை நீ அழிக்கலியே?"

"இல்லீங்க ஐயா."

"அழிக்காதே. தப்புன்னா தப்பாவே நிக்கட்டும். என்னைக்காவது யாராச்சும் கேப்பாங்க. அன்னிக்குப் பதில் சொல்லு."

புத்தகத்தை மூடினார். பணம் எஸ்டேட் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. அடுத்து மூன்று வருஷம் யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்கப்போகிறார்கள் என்று நான் காத்திருந்தேன். பனி இறங்கிய காலைகளில் புத்தகத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்துத்தான் பேர் கூப்பிட்டேன்.

அதற்கிடையில் டிகிரி முடிந்தது. இங்கேதான் நீங்கள் கேட்ட கேள்வி வருகிறது, கவனமாகப் படியுங்கள். பரீட்சை எழுதி வாங்கிய கிரெடிட்டுக்கு மார்க் இருக்காது. 'தேர்ச்சி' என்று மட்டும் இருக்கும். மேல்படிப்புக்கு மனுப் போட்டால் முதலில் சராசரி மார்க்கைத்தான் கேட்பார்கள். என் டிகிரியில் பாதிக்கு மேல் வெறும் தேர்ச்சி, மீதிக்குத்தான் மார்க். முதல் பல்கலைக்கழகம் பதிலே போடவில்லை. இரண்டாவது, இரண்டு விரிவுரையாளர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி வா என்றது. என்னை எந்த விரிவுரையாளரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே மனுப் போடும் முன்பே துறைக்கு எழுதிக் கேளுங்கள், மார்க் இல்லாத கிரெடிட்டை எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று. ஒன்றிரண்டு பாடங்களையாவது ஆசிரியர் இருக்கிற வகுப்பாக எடுங்கள், உங்களைத் தெரிந்த ஒருவர் உலகத்தில் இருப்பார். பயந்துகொண்டு நான் கேட்காமல் விட்டதால் இரண்டு வருஷம் போயிற்று.

மூன்றாவது பல்கலைக்கழகம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. தொழிலாளர் நிர்வாகத்தில் முதுகலை. வேலை அனுபவத்துக்கு ஆதாரமாக, நான் என் கையால் எழுதிய ஆவணங்களின் நகல் கேட்டார்கள். பெரிய கிராணியிடம் சொன்னேன். மேனேஜரிடம் அனுமதி வாங்கி, பழைய செக்ரோலில் நல்ல தாளாகப் பார்த்து எடுத்து நகல் போட்டு, பரிந்துரைக் கடிதத்தோடு உறையில் வைத்துக் கொடுத்தார். அவர் கொடுத்ததை நான் புரட்டிப் பார்க்காமல் அப்படியே ஸ்கேன் போட்டு அனுப்பினேன். எல்லாவற்றையும் மூன்று தரம் பார்க்கிறவள் அதை மட்டும் பார்க்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நேர்முகம் கம்ப்யூட்டரில், காலை ஒன்பது மணிக்கு. லைன் வீட்டில் இண்டர்நெட் பனி இறங்கினால் போய்விடும் என்பதால் ஆபீசின் பின்னறையில் உட்கார்ந்தேன். பெரிய கிராணி கோலா தெர்லாவுக்கு லாரி விஷயமாகப் போயிருந்தார். மற்றவர்கள் மலையில். ஆபீசில் நான் ஒருத்திதான். ஜன்னலுக்கு வெளியே தண்ணித்தொட்டி தெரியவில்லை.

திரையில் மூன்று கட்டங்கள். தலைவியான பேராசிரியர் ஒருவர், தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்த விரிவுரையாளர் ஒருவர், தமிழ் விரிவுரையாளர் ஓர் அம்மா. மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

"புவான் சரோஜா, இருக்கிறீர்களா?" என்று மலாய் மரியாதைச் சொல்லோடு என்னைக் கூப்பிட்டார் தலைவி.

இருக்கிறேன் என்றேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு. அதை அமுக்கினேன், போகவில்லை.

"புவான் சரோஜா?"

மறுபடி அமுக்கினேன். மறுபடி. அவசரத்தில் வேறு எதையோ அமுக்கி, என் முகம் திரையிலிருந்து போய்விட்டது. தலைவி மணியைப் பார்த்தார். ஐந்து வருஷப் பரீட்சை, இரண்டு வருஷ மனு, எல்லாம் ஒரு சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் நின்றது.

"புவான் சரோஜா, கடைசி முறை."

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை, அழுகை வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரையில் தமிழ் அம்மா சட்டென்று சிரித்தார். தலைவி தலையை ஆட்டினார். "நல்லது, கேட்கிறது. வீடியோவை மட்டும் போடுங்கள்."

சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. இன்னும் ஒரு முறை அமுக்கினேன், இப்போது போயிற்று. என் முகமும் வந்தது.

"'இருக்கேன் லா'ன்னீங்களே" என்றார் தமிழ் அம்மா, இன்னும் சிரித்துக்கொண்டே. "நேர்முகத்துல இப்படி ஒரு பதிலை நான் கேட்டதே இல்ல. ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு? ஓடி வந்தீங்களா?"

மைக்கில் ஏதோ கோளாறாக இருக்கலாம். பயத்தில் என் வாய் எனக்குத் தெரியாமல் பேசியிருக்கலாம். எல்லாச் சமாதானமும் நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் என் ஆயுசில் அதிகாரிகளிடம் நான் உரிமையோடு 'லா' போட்டுப் பேசியது கிடையாது.

விரிவுரையாளர் ஆரம்பித்தார். "உங்கள் டிகிரியில் பாதிக்கு மேல் பரீட்சை மட்டும். வகுப்பில் நீங்கள் இல்லை. வராத ஒருவருக்கு வந்ததாக நாங்கள் எப்படி ஏற்றுக்கொள்வது?" பதிலுக்குக் காத்திராமல் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். "இந்தப் பத்தாவது செக்ரோல் தாளிலும் எனக்கு அதே சந்தேகம். பேர்கள் இருபத்து நான்கு. எடைகள் இருபத்து மூன்று. கடைசி வரி கையால் சேர்த்தது. அரை நாள் சம்பளம் போட்டிருக்கிறது. கீழே இரண்டு கையெழுத்து இருக்கிறது. இது யார் செய்தது?"

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். அந்த இடத்தில் யோசிக்கக் கிடைப்பது இரண்டு மூச்சு நேரம்தான். கீழே இருந்த இரண்டாவது கையெழுத்து கங்காணியுடையது. நான் நீட்டினேன், அவர் பார்க்காமலே போட்டார். அவர் சொன்னார், நான் எழுதினேன் என்று சொல்லியிருந்தால் யாரும் கங்காணியைக் கூப்பிட்டுக் கேட்கப்போவதில்லை. எழுத்துப் பிழை என்று சொல்லியிருந்தாலும் முடிந்திருக்கும். ஒப்புக்கொண்டால் சம்பளப் புத்தகத்தில் பொய் எழுதியவள் ஆகிறேன், அதையே அனுபவமாகக் காட்டி இடம் கேட்கிறேன். இடமும் போகும், வேலையும் போகலாம். நான் ஜன்னலைப் பார்த்தேன். பனியில் யாரும் இல்லை. ஆனால் யாரோ பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருந்தது.

"நான்தான் எழுதினேன்" என்றேன். "அந்த வரியில் இருக்கிற பெண் அன்று உயிரோடு இல்லை."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

"இது பொய்த் தாள். ஆனால் இதைவிட மோசமான தாள் ஒன்று இருக்கிறது. அது இதற்குக் கிட்டத்தட்ட ஆறு மாதம் முந்தியது. அதில் அதே பெண் பெரட்டுக்கு வந்தாள், பதில் சொன்னாள், என் கண் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேனேஜருக்குப் பயந்து நான் அவளுக்குப் பூஜ்யம் போட்டேன். அந்தத் தாளில் எல்லாக் கூட்டலும் சரியாக இருக்கும். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்க முடியாது."

தமிழ் அம்மா தமிழிலேயே கேட்டார்: "ரெண்டாவதை நாங்க கேக்கலையே. ஏன் சொல்றீங்க?"

"வராதவங்களுக்கு எப்படிப் பேர் போடுறதுன்னு சார் கேட்டாருங்க. எனக்குத் தெரிஞ்ச பதில் அவ்வளவுதான். வந்தவங்களுக்கே ஒழுங்காப் போடல நான். இதைப் பத்திப் படிக்கணும்னுதான் மனுப் போட்டேன்."

அன்று மாலையே மேனேஜரிடம் போய் இரண்டு தாளைப் பற்றியும் சொன்னேன். பத்தடி தூரம்தான், பல வருஷம் ஆகியிருந்தது. புதிதாக வந்தவர், அவருக்கு அஞ்சலையைத் தெரியாது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார். முதல் தாளுக்கு உரிய அரைப்பேரைக் கேட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு திறக்க முடியாது என்றார். ஆறு வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. வகுப்பில் உட்கார்ந்து இரண்டு பாடம் கூடுதலாகப் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இடம். பணி ஓய்வு பெற்ற மறு வருஷம் முடித்தேன்.

கடிதத்தைப் பெரிய கிராணியிடம் காட்டியபோது, அந்தப் பத்தாவது தாளை வேண்டுமென்றேதான் வைத்தீர்களா ஐயா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்தாவதா? நான் ஒம்பது தாள்தானேம்மா எடுத்துக் குடுத்தேன்."

நகல் மெஷினின் புத்தகத்தைப் பார்த்தோம். அவர் பேரில் ஒன்பது என்று இருந்தது. கடிதத்துக்குத் தனியாக ஒன்று. அதற்குக் கீழே வேறு எதுவும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல முடிந்தது இதுதான். எண்ணிக்கை ஒன்று கூடினால் அழிக்காதீர்கள். சரியாக இருக்கிற தாளையும் ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். உங்கள் மனுவில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வி கேட்கிறவருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இடம் கிடைத்த வாரம், என் சொந்தக் காசை ஓர் உறையில் போட்டுக்கொண்டு ரிங்லெட் போனேன். அஞ்சலையின் மகள் அங்கே பூக்கடை வைத்திருக்கிறாள். சாமந்திக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். முட்டை போட்டதையும் சொன்னேன், பனியில் கேட்டதையும் சொன்னேன், கம்ப்யூட்டரில் கேட்டதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். தண்ணீர் டின்னைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னா சொன்னாங்க? சரியா சொல்லுங்க ஆன்ட்டி."

"'இருக்கேன் லா.' அவ்வளவுதான்."

"அம்மா போனதுலேருந்து ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேக்க மாட்டோமான்னு நானும் பாக்குறேன். கனவுலகூட வரல எனக்கு. ஒங்களுக்கு ரெண்டு தரம் வந்திருக்காங்க." உறையை என் கைக்குள்ளேயே வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். அவள் அம்மா என் கிரெடிட்டை எண்ணுகிற மாதிரி, ஒவ்வொன்றாக. "இதைக் குடுத்துட்டீங்கன்னா கணக்கு முடிஞ்சிடும். அப்பறம் எதுக்கு வருவாங்க? வேணாம் லா ஆன்ட்டி. பாக்கி இருக்கட்டும். மறுபடி கேட்டா எனக்குப் போன் பண்ணுங்க."

அந்த உறை என் சாமி அலமாரியில் இருக்கிறது. மூன்று தரம் எண்ணித்தான் போட்டேன். அஞ்சலைக்கு நான் தர வேண்டிய அரைப்பேர், பதினெட்டு ரிங்கிட் ஐம்பது சென்.